வள்ளி திருமணம் தந்த சாமி: தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

ஓம் சரவணபவ



நம்ம நாமக்கல் மாவட்டத்துல எந்தப் பக்கம் திரும்பினாலும் முருகன்தான். கபிலர்மலை, காளிப்பட்டி கந்தசாமி, மோகனூர் காந்தமலை, திருச்செங்கோட்டு மலைமேல செங்கோட்டு வேலவர். தைப்பூசம் வந்தா காவடியும் தேரும். இப்ப சில வருஷமா இன்னொன்னும் சேர்ந்திருக்கு, வள்ளி கும்மி. பள்ளிக்கூடப் பிள்ளைங்கல இருந்து அறுபது வயசு அம்மாக்கள் வரைக்கும் மாசக்கணக்குல பழகி, கோயில் முன்னாடி அரங்கேற்றம் பண்றாங்க. வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைச்சப்போ நம்ம குரூப்லயே எத்தனை பேர் சந்தோஷப்பட்டீங்க!

அந்த வள்ளி கதையை, ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியற வரைக்கும் மேடையில் நடத்தும் நாடகமா எழுதிக் கொடுத்த ஒரு சாமி இருந்தார். அவர் எழுதி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கம் திருவிழான்னா அந்த நாடகம்தான். ஆனா நம்ம வயசுப் பசங்ககிட்ட அவர் பேரைச் சொன்னா, 2019-ல் நடந்த நடிகர் சங்கத் தேர்தல்ல ஒரு அணிக்கு வெச்ச பேர்னுதான் ஞாபகம் வருது. அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு முழு வாழ்க்கை இருக்கு. முருகனையும் தமிழையும் தவிர வேற சொத்து சேர்க்காத வாழ்க்கை. அதைத்தான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க.

உப்பளத்துக் கணக்குப்பிள்ளை

தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டி என்ற ஊரில் 1867 செப்டம்பர் 7-ஆம் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். அப்பா தாமோதரம் பிள்ளை நல்ல தமிழறிவு உள்ளவர். ராமாயணம் சொல்லுவதில் பெயர் பெற்றவர் என்பதால் ஊர்க்காரர்கள் அவரை ராமாயணப் புலவர் என்றே கூப்பிடுவார்களாம். அதனால் பையனுக்கு முதல் வாத்தியார் வீட்டிலேயே கிடைத்துவிட்டார்.

அடுத்த குரு யார் தெரியுமா? பழனி தண்டபாணி சுவாமிகள். பெயரிலேயே முருகன். அவரிடம் முறையாக யாப்பு படித்தார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே உடன் படித்தவர். வெண்பா, கலித்துறை, சந்தம் எல்லாம் அந்த வயதிலேயே கைக்கு வந்துவிட்டது. தமிழும் முருக பக்தியும் அவருக்கு ஒரே இடத்தில், ஒரே குருவிடம் கிடைத்தது. அதனால்தான் கடைசி வரை அவரால் இந்த இரண்டையும் தனித்தனியா பிரிச்சுப் பார்க்க முடியலன்னு நான் நினைக்கிறேன்.

ஆனா வயிறு இருக்கே. தூத்துக்குடி உப்பளத்துல கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். சம்பளம் வரும், நிம்மதியான வேலை. கொஞ்ச காலம் அப்படி இப்படின்னு ஓடுச்சு. 24 வயசுல அதை விட்டுட்டு நாடகத்துக்குப் போயிட்டார்.

இன்னைக்கு நம்ம வீட்ல ஒருத்தர் நல்ல வேலையை விட்டுட்டு நாடகத்துல சேரப் போறேன்னு சொன்னா என்ன நடக்கும்? அப்ப நிலைமை இதைவிட மோசம். அந்தக் காலத்தில் நாடகக்காரன் என்றால் வீடு வாடகைக்குக் கிடைக்காது, பெண் கொடுக்க மாட்டார்கள், கூத்தாடி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். சென்னையில் அதே 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஆனால் அங்கே நடித்தவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். நாடகம் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. சங்கரதாஸ் போன இடம் வேற. டிக்கெட் வித்தாத்தான் ராத்திரி சோறு என்ற தொழில்முறைக் கம்பெனி.

எமனும் சனீஸ்வரனும்

ஆள் நல்ல உயரம், கனத்த உடம்பு, கணீர்னு குரல். அதனால் அவருக்கு வந்த வேஷமெல்லாம் இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் இந்த மாதிரிதான். நாடக பாஷையில் சொன்னா பயங்கரமான பார்ட்டு. அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லைன்னு பேர் வாங்கினார்.

அந்தப் பேரே அவருக்கு வினையாச்சு. அவரிடம் பாடம் படித்த டி. கே. சண்முகம் போன்றவர்கள் வழியாக இரண்டு சம்பவங்கள் இன்றும் சொல்லப்படுகின்றன. நளதமயந்தி நாடகம் முடிந்த ஒரு விடியற்காலை. சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்காமலே, உடம்பில் பூசிய கறுப்பு எண்ணெய்ப் பூச்சோடு குளத்துக்குப் போனார். துணி வெளுக்க வந்த ஒரு பெண், அரை இருட்டில் அந்த உருவத்தைப் பார்த்து, பயத்திலேயே விழுந்து உயிரை விட்டார். இன்னொரு நாள் சத்தியவான் சாவித்திரியில் எமனாக வந்தபோது, அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு முன்வரிசையில் இருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்துபோனது.

நடிகனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லைன்னு வேற யாராவது இருந்தா நோட்டீஸ்ல போட்டு விளம்பரம் பண்ணியிருப்பாங்க. இவர் அப்படி எடுத்துக்கல. தன் நடிப்பால் ஒரு உயிர் போச்சு என்பது அவர் மனசை அறுத்தது. வேஷம் கட்டுறதையே நிறுத்திட்டார். எந்த வேஷத்தால் பேரும் சம்பாத்தியமும் வந்ததோ, அந்த வேஷத்தையே வேண்டாம்னு வெச்சது சின்ன விஷயம் இல்லீங்க.

காவித்துணியும் கஞ்சிராவும்

அதன்பிறகு அவர் நாடகத்தையே விட்டுவிட்டு, காவி உடுத்திக்கொண்டு க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகப் போனார். முருகன் சன்னதிகளில் பாடிக்கொண்டு சுற்றினார். சங்கரதாஸ் சுவாமிகள் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது இப்படித்தான். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. கடைசி வரை பிரம்மச்சாரி.

அவரைத் திரும்ப இழுத்து வந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. இன்று கச்சேரி மேடையில் நாம் பார்க்கும் கஞ்சிராவை உருவாக்கிக் கொடுத்த லய மேதை அவர்தான். சுவாமிகளைத் தன் பிள்ளை போல வீட்டில் வைத்துக்கொண்டார். தாள நுணுக்கம் எல்லாம் அவரிடம் சுவாமிகளுக்குக் கிடைத்தது. இவ்வளவு தமிழையும் சங்கீதத்தையும் மனசுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதில் என்ன பயன், நாடகத்துக்கே திரும்பிப் போ என்ற மாதிரி அவர்தான் எடுத்துச் சொன்னார்.

சுவாமிகள் திரும்பி வந்தார். ஆனால் நடிகராக அல்ல, ஆசிரியராக. வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர், வேலு நாயர் என்று அன்றைக்குப் பேர் பெற்ற கம்பெனிகளில் நாடகம் எழுதிக் கொடுத்து, பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பேர்களைக் கவனிச்சீங்களா? வள்ளி, அல்லி எல்லாம் அவங்க நடிச்சுப் பேர் வாங்கின நாடகத்தில் இருந்து ஒட்டிக்கிட்டது. ஒரு வேஷம் ஒருத்தரோட பேராவே மாறிப்போன காலம் அது.

வள்ளி திருமணம் செஞ்ச வேலை

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், சாரங்கதாரா, பிரகலாதன், லவகுசா, சுலோசனா சதி, அபிமன்யு சுந்தரி... சுவாமிகள் எழுதியது நாற்பதுக்கும் மேல். அவருக்கு முன்னாடி மேடையில் வசனம் என்பது பெரும்பாலும் நடிகர் அந்தந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுவதுதான். ஒருத்தன் நல்லா பேசுவான், இன்னொருத்தன் கொச்சையா பேசுவான். கதை எங்கேயோ போய் நிற்கும். சுவாமிகள் வந்து பாட்டையும் வசனத்தையும் எழுத்தாக்கி, இதுதான் பாடம், இப்படித்தான் பேசணும்னு வரையறை பண்ணார். திருக்குறளும் நாலடியாரும் சாதாரண ஜனங்க காதுல விழுந்தது இந்த மேடையில்தான். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகூட வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்றதைக் கேட்டு நல்ல தமிழ் கத்துக்கிட்டார்.

வள்ளி திருமணத்துல ஒரு பெரிய சூட்சுமம் இருக்கு. தினைப்புனத்தில் வள்ளி காவல் காக்கிறாள். நாரதர் வருகிறார், தர்க்கம் நடக்கிறது. அப்புறம் வேலன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வருகிறான், கடைசியில் அண்ணன் விநாயகர் யானையாக வந்து உதவுகிறார். கந்தபுராணத்தில் நாம் கும்பிடும் கதைதான். சாமி வேஷம் மாத்திக்கிட்டு வந்து பக்தையோட மனசைச் சோதிக்குது. நாடகத்துல நடிகன் வேஷம் போட்டுக்கிட்டு வந்து ஜனங்க மனசைத் தொடறான். முருகனே ஒரு ராஜபார்ட் நடிகனா இறங்கி வர்ற கதை இது. நாடகக்காரர்கள் இதைத் தங்கள் சொந்தக் கதை மாதிரி பிடிச்சுக்கிட்டதுக்கு வேற காரணம் வேணுமா?

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறதால எனக்கு இன்னொன்று பெரிய ஆச்சரியமா தெரியும். ஸ்பெஷல் நாடகம்னு ஒரு முறை இருக்கு. ஊர்க்காரர்கள் ராஜபார்ட்டை ஒரு ஊரில் இருந்தும், ஸ்திரீபார்ட்டை இன்னொரு ஊரில் இருந்தும், பபூனை வேற ஊரில் இருந்தும், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரரைத் தனியாகவும் பேசிக் கூப்பிடுவார்கள். ஒத்திகை கிடையாது. சில சமயம் மேடையேறித்தான் ஒருத்தரை ஒருத்தர் முதல்முறை பார்ப்பார்கள். ஆனாலும் விடிய விடிய ஒரு தடங்கல் இல்லாமல் நாடகம் நடக்கும். காரணம், எல்லாருக்கும் சுவாமிகள் பாடம் மனப்பாடம். எங்க பாஷையில் சொன்னா, முன்னப்பின்ன பார்க்காத பத்து டீம் எழுதின கோடு, நடுவுல ஒரு நல்ல ஸ்டாண்டர்டு இருக்கிறதால அப்படியே ஒட்டிக்கிது. அந்த ஸ்டாண்டர்டை நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒத்தை ஆளா எழுதி வெச்சுட்டுப் போனவர் சுவாமிகள்.

சொந்தக் கம்பெனி

எழுதுவது ஒன்று, கம்பெனி நடத்துவது வேறு. 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை என்று சொந்தமாக ஒரு சபையைத் தொடங்கினார். அந்தப் பேரைப் பார்த்தாலே வள்ளலார் ஞாபகம் வரும். நாடகக் கம்பெனிக்குச் சன்மார்க்கம்னு பேர் வைக்கணும்னா மனசுல என்ன இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பின்னாளில் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட எஸ். ஜி. கிட்டப்பாவும், மாரியப்ப சுவாமிகளும் இந்தச் சபையில் வளர்ந்தவர்கள்.

அந்தக் காலத்துல ஒரு நாடகக் கம்பெனிக்கு என்னென்ன வேணும்? படுதாக்கள் வேணும். அரண்மனை, காடு, தெரு, தர்பார்னு ஒவ்வொரு காட்சிக்கும் ஒண்ணு. உடுப்பு, கிரீடம், நகை, ஆயுதம் எல்லாம் பெட்டி பெட்டியா. ஆர்மோனியம், மிருதங்கம், விளக்கு. இதையெல்லாம் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஏற்றி ஊர் ஊராகப் போகணும். போற ஊர்ல கொட்டகை வாடகைக்குப் பிடிக்கணும், இல்லேன்னா கீத்துக் கொட்டகை போடணும். கம்பெனி வீடு பார்க்கணும், சமையலுக்கு ஆள் வேணும். வண்டியில் மேளம் அடிச்சு நோட்டீஸ் போடணும். இத்தனைக்கும் அப்புறம் அன்னைக்கு ராத்திரி மழை வந்தா முடிஞ்சுது. வசூல் இல்லைன்னாலும் அடுத்த நாள் காலையில் அடுப்பு எரிஞ்சாகணும்.

அதைவிடப் பெரிய தலைவலி ஆட்கள். பேர் வாங்கின நடிகர் பாதியில் கோவிச்சுக்கிட்டுப் போவார். குடிச்சிட்டு மேடைக்கு வருவார். இன்னொரு கம்பெனிக்காரர் பத்து ரூபாய் கூடத் தர்றேன்னா பெட்டியைத் தூக்கிடுவார். எழுதிக் கொடுத்த பாடத்தை விட்டுட்டு, கைத்தட்டலுக்காக இஷ்டத்துக்குப் பேசுவார். ஒழுக்கமும் பாடமும் இல்லாத மேடையைச் சுவாமிகளால் சகிக்க முடியல.

பசங்களை நம்பினார்

இதற்கு அவர் கண்ட வழி பாய்ஸ் கம்பெனி. சிறு பையன்களைச் சேர்த்து, முதலில் தமிழ், அப்புறம் பாட்டு, அப்புறம் நடிப்பு என்று அடியிலிருந்து பழக்குவது. ஜெகந்நாத ஐயரின் பாலமீன ரஞ்சனி சங்கீத சபையில் ஆசிரியராக இருந்துவிட்டு, 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை உருவாக்கி, அதற்கு ஆசிரியரானார். அப்போது அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது.

அந்தச் சபைக்கு, ஸ்திரீபார்ட் நடிகரான கண்ணுசாமிப் பிள்ளை தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பின்னாடி பகவதி. அவங்கதான் டி. கே. எஸ். சகோதரர்கள். சேரும்போது சண்முகத்துக்கு ஆறு வயசு!

பசங்க கம்பெனியில் ஒரு நாள் என்பது குருகுலம் மாதிரிதான். காலையில் பாட்டுப் பாடம், அப்புறம் வசனப் பாடம், அப்புறம் ஒத்திகை, ராத்திரி நாடகம். விடிஞ்சுதான் தூக்கம். சுவாமிகளிடம் உச்சரிப்பில் சமரசமே கிடையாது. ழகரமும் றகரமும் சரியாக வராவிட்டால் அடுத்த அடிக்குப் போகவே முடியாது. கோபக்காரர் என்றாலும், பையன்களுக்கு அவர்தான் அப்பா, வாத்தியார் எல்லாம்.

இதுல நல்லது மட்டும் இல்லைங்கிறதையும் சொல்லணும். பாய்ஸ் கம்பெனிகளில் அந்தக் காலத்தில் அடி, உதை சாதாரணம். பள்ளிக்கூடம் கிடையாது. பெத்தவங்க முன்பணம் வாங்கிட்டு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க, பையன் வருஷக்கணக்குல அம்மா முகத்தைப் பார்க்காம இருப்பான். வறுமைதான் முக்கால்வாசிப் பசங்களை அங்கே கொண்டு வந்து சேர்த்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு எம்.ஜி.ஆர் போனதும் சோத்துக்கு வழியில்லாத வீட்டில் இருந்துதான். இன்னைக்குச் சட்டப்படி இதெல்லாம் முடியாது, முடியவும் கூடாது. ஆனா அந்தக் காலத்துல, எழுத்துக்கூட வாசனை இல்லாம போக வேண்டிய பிள்ளைங்க வாயில வெண்பாவை ஏத்தி வெச்சார் ஒருத்தர்னா, அதுவும் உண்மைதான்.

மகரக்கட்டு

பாய்ஸ் கம்பெனி நடத்துறவங்க எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. அதுக்குப் பேர் மகரக்கட்டு. பதிமூணு, பதினாலு வயசுல பையன் குரல் உடையும். நேத்து வரைக்கும் வள்ளியா நின்னு குயில் மாதிரி பாடின பையன், இன்னைக்கு வாயைத் திறந்தா கரகரங்கும். ஏழெட்டு வருஷம் சொல்லிக் கொடுத்த உழைப்பு ஒரே மாசத்துல காத்துல போயிடும். உடைஞ்ச குரல் சில பேருக்குத் திரும்ப நல்லா அமையும், சில பேருக்கு அமையவே அமையாது. அந்தப் பையனோட எதிர்காலம் என்ன? அவன் இடத்துக்கு அடுத்த வள்ளி யார்?

அதனால் வாத்தியார் எப்பவும் அடுத்த பையனைத் தயார் பண்ணிக்கிட்டே இருக்கணும். ஒருத்தனைப் பூ மாதிரி மலர வெச்சு, அவன் மலர்ந்த உடனே வழியனுப்பிட்டு, மறுபடி ஒண்ணாம் பாடத்தில் இருந்து தொடங்கணும். திரும்பத் திரும்ப, வருஷா வருஷம். சுவாமிகள் சலிக்காம செஞ்ச வேலை இதுதான். தனக்குன்னு பிள்ளை இல்லாத ஒரு பிரம்மச்சாரி, ஊரான் பிள்ளைகளை இப்படி வளர்த்து வளர்த்து அனுப்பினார்.

ஒரே ராத்திரியில்

கஷ்டம் மட்டும் இருந்தா யாரும் கம்பெனி நடத்த மாட்டாங்க. அதுல ஒரு ஆனந்தமும் இருக்கு. டி. கே. சண்முகம் தன் எனது நாடக வாழ்க்கை நூலில் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். பசங்களுக்குப் புதுசா ஒரு நாடகம் வேணும், சின்னப் பையனான சண்முகத்துக்கு ஒரு நல்ல வேஷம் வேணும்னு சுவாமிகளுக்குத் தோணிருச்சு. ஒரு ராத்திரி விளக்கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தார். காலையில் பசங்க எழுந்து பார்த்தா அபிமன்யு சுந்தரி நாடகம் தயார். நாலு மணி நேர நாடகம், நூறுக்கும் மேல பாட்டு, வசனம் எல்லாம் சேர்த்து. அடித்தல் திருத்தல் இல்லாம!

ஒரு குழந்தையோட குரல் எந்த சுருதியில் நிக்கும், மூச்சு எவ்வளவு தாங்கும், எந்த எழுத்துல நாக்கு தடுமாறும்னு அவருக்குத் தெரியும். அந்த அளவு பார்த்துத் தைச்ச சட்டை மாதிரி நாடகம் எழுதினார். பெரிய நடிகர்களுக்கு எழுதும்போது கிடைக்காத சந்தோஷம் அது. எழுதினதை எழுதினபடி, எழுத்துப் பிசகாம, ஒரு சின்னக் குரல் பாடிக் காட்டும்போது வர்ற சந்தோஷம்.

பேச்சு நின்ற பிறகு

இப்படி எல்லாருக்கும் பேச்சைச் சொல்லிக் கொடுத்தவருக்கு முருகன் வைத்த கடைசிச் சோதனைதான் மனசை உலுக்குது. கடைசிக் காலத்தில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் விழுந்தது, பேச்சும் போனது. எந்த வாயிலிருந்து நினைத்த நேரத்தில் சந்தம் கொட்டியதோ அந்த வாய் மூடிக்கொண்டது.

ஆனாலும் கம்பெனியை விட்டு அவர் போகவில்லை. பசங்களோடயே ஊர் ஊராக வந்தார். சபை புதுச்சேரியில் இருந்தபோது, 1922 நவம்பர் 13-ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது 55. கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. புதுச்சேரி போற அடியார்கள் மணக்குள விநாயகரைப் பார்த்துட்டு, அங்கேயும் ஒரு தடவை போய்ட்டு வாங்க.

சொத்து என்ன விட்டுட்டுப் போனார்? வீடு இல்லை, நிலம் இல்லை, வாரிசு இல்லை. நாடகங்களும் பசங்களும்தான். அந்தப் பசங்க 1925-ல் ஸ்ரீ பால சண்முகானந்த சபைன்னு தங்கள் சொந்தக் கம்பெனியைத் தொடங்கினாங்க. பேரைக் கவனிங்க, அதுலயும் சண்முகன்! கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வளர்ந்தது அந்தச் சபையில்தான். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று சுவாமிகளை உலகம் இன்று சொல்வதற்குக் காரணமே டி. கே. சண்முகம்தான். ஆறு வயசுல சேர்ந்த பையன் சாகிற வரைக்கும் குருவைப் பற்றிச் சொல்லிக்கிட்டே இருந்தார்.

காவிரிக்கு அந்தக் கரையில்

நம்ம பக்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? பரமத்தி வேலூர் பக்கம் காவிரிக் கரையில் நின்னா எதிர்க்கரைப் பக்கம்தான் கொடுமுடி. அந்த ஊரில் 1908-ல் பிறந்த ஒரு ஏழைப் பெண் குழந்தை, கரூரில் முகாம் போட்டிருந்த வேலு நாயர் கம்பெனியில் சின்னப் பிள்ளை வேஷத்துக்குச் சேர்ந்தது. நம்ம கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள் அம்மாதான் அது.

1926-ல் அவங்க கொழும்புல நடிச்சிட்டு இருந்தப்போ, கிட்டப்பா அங்கே வந்து சேர்ந்தார். அவர் வேலன், இவங்க வள்ளி. சுவாமிகளின் வள்ளி திருமணம். அந்த ஜோடி மேடையில் பாடினதைக் கேட்க ஜனங்க அலைமோதினாங்க. 1927-ல் நிஜமாவே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயசுலயே காலமாயிட்டார். சுந்தராம்பாள் அம்மா அன்னையிலிருந்து வெள்ளைச் சேலைதான், மேடையில் வேறொரு வேலனோடு சேர்ந்து நிற்கவில்லை. பின்னாளில் ஔவையார் வேஷத்தில் முருகனைப் பாடிப்பாடியே வாழ்ந்தார். இன்னைக்கும் நம்ம ஊர்க் கோயில்ல விடியக்காலம் ஸ்பீக்கர்ல அந்தக் குரல்தானே நம்மை எழுப்புது! அந்தக் குரலைப் பழக்கின மேடைக்கு அடித்தளம் போட்டவர் சுவாமிகள்.

சினிமா பேச ஆரம்பிச்சதும் முதல்ல அவர் பெட்டியைத்தான் திறந்தது. வள்ளி திருமணம் 1933-ல் படமாச்சு. தியாகராஜ பாகவதர் அறிமுகமான 1934 பவளக்கொடியும் சுவாமிகள் மேடையில் பிரபலமாக்கின கதைதான். அந்த சினிமாவே பிறகு நாடகக் கொட்டகைகளை ஒவ்வொண்ணா மூட வெச்சது தனிக்கதை.

நாம என்ன செய்யலாம்

மதுரையில் அவருக்குச் சிலை இருக்கு. நாடக நடிகர் சங்கங்கள் வருஷா வருஷம் குருபூஜை எடுக்கிறாங்க. அவரைத் தெய்வமாவே கும்பிடற நடிகர்கள் இருக்காங்க. நாம அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

நம்ம ஊர்ல கும்மி ஆசிரியரும், கூத்து வாத்தியாரும், சின்ன நாடகக் குழு வெச்சிருக்கிறவரும் இன்னைக்கும் அதே கஷ்டத்தைத்தான் படறாங்க. ஆள் சேர்க்கிறது கஷ்டம், சேர்ந்தவங்களைப் பழக்குறது கஷ்டம். பழகின பொண்ணு கல்யாணமாகிப் போயிடும், பையன் வேலைக்கு பெங்களூர் போயிடுவான். அவங்களும் மறுபடி ஒண்ணாம் பாடத்தில் இருந்து தொடங்குறாங்க. மகரக்கட்டு மாதிரிதான் இதுவும்.

அதனால அடுத்த திருவிழாவுக்கு நாடகமோ கும்மியோ கூத்தோ வந்தா, அஞ்சு நிமிஷம் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டு நழுவ வேண்டாம். ஒரு பாய் எடுத்துட்டுப் போய் உட்காருங்க. கோயில் கமிட்டியில இருக்கிறவங்க, ஆர்கெஸ்ட்ராவுக்கும் லைட்டிங்குக்கும் ஒதுக்கற பணத்துல கொஞ்சம் இவங்களுக்கும் ஒதுக்குங்க. பேசின பணத்தை விடியறதுக்குள்ள, இழுத்தடிக்காம கொடுத்துடுங்க. வீட்ல குழந்தை கும்மி பழகணும்னு ஆசைப்பட்டா படிப்பு கெட்டுடும்னு தடுக்காதீங்க.

நவம்பர் 13 அன்னைக்கு விளக்கேத்தும்போது, முருகனோட சேர்த்து இந்த சாமியையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. வள்ளிக்கு வேலன் கிடைச்ச கதையை ஊர் ஊரா, ஏழை எளிய ஜனங்க வாசலுக்கே கொண்டு போய்ச் சேர்த்தவர் அவர்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வள்ளி மணாளனுக்கு அரோகரா!